முதலில் வந்தது பொலிஸ் ஜீப்

இளைஞர் குற்றங்களைக் குறைக்கப் பொலிஸும் பாடசாலையும் சட்டத்தில் சிக்கும் சிறுவர்களைக் கவனிக்கும் நன்னடத்தைத் திணைக்களமும் சேர்ந்து இயங்க வேண்டும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது சரி. ஆனால் திருகோணமலையில் நன்னடத்தை அலுவலர் மாகாண சபையின் கீழ், சிறுவர் உரிமை உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில், பொலிஸ் மத்திய அரசிடம். கோப்பு மேசை மாறுவதற்குள் பிள்ளை கைவிட்டுப் போய்விடுகிறது.

எங்கள் கடற்கரைப் பக்கம் ஒரு பையன், 14 வயது. கட்டாயக் கல்வி 16 வரை என்கிறது சட்டம். இவன் இரண்டு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. விடியற்காலை வலையில் மீன் கழற்றுவான், விரலெல்லாம் வெட்டுக்காயம். அப்புறம் அந்தக் காசோடு ஐஸ் போதைப்பொருள் விற்கிறவர்கள் பக்கத்தில் நிற்பான். வீடு தேடி முதலில் வந்தது பொலிஸ் ஜீப்தான். வரவு இடாப்பைப் பார்த்த யாராவது கிராம உத்தியோகத்தருக்கு ஒரு போன் எடுத்திருக்கலாமே!