செவ்வாயில் காணி வாங்குவதற்கு முதல்

ரொக்கெற் மேலே போகிற வீடியோ ஒன்று வந்தால் போதும், "இனிச் செவ்வாயில் காணி வாங்கலாம்" என்று கீழே நாலு பேர் எழுதிவிடுவார்கள். பகிடிதான். ஆனால் எங்கள் பெடியள் கனபேர் அதை உண்மையாகவே நம்புகிறார்கள். ஈலோன் மஸ்க் பத்து இலட்சம் பேர் வாழும் நகரம் என்கிறார். ரொக்கெற் சரிவந்தால் மிச்சமெல்லாம் தானாகச் சரிவரும் என்ற மாதிரித்தான் கதை போகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

மண்ணையே எடுங்கள். 2008இல் பீனிக்ஸ் விண்கலம் அங்கே இறங்கி மண்ணைச் சோதித்தபோது பேர்குளோரேற்று உப்பு கிட்டத்தட்ட அரை வீதம் இருந்தது. தைரொயிட்டுச் சுரப்பிக்கு அயடீன் போகவிடாமல் மறிக்கிற சாமான் அது. தண்ணீரில் கரையும், கழுவிவிடலாம் என்பார்கள். சரி, கழுவின தண்ணியை எங்கே ஊத்துவது? பனிக்கட்டியை வெட்டி உருக்கி எடுத்த தண்ணீர் அது. உப்பைப் பிரித்துத் திரும்பவும் பாவித்தே ஆகவேண்டும்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கின மழைத்தண்ணீர் உவர்நீருக்கு மேலே மிதக்கிறது, அதுதான் எங்கள் கிணறு. வெங்காயத்துக்குப் போட்ட யூரியா அதே கிணற்றில் நைத்திரேற்றாக வந்து நிற்கிறது. கண்டபடி இறைத்தால் உவர் ஏறும். வருஷா வருஷம் மாரி மழை பெய்கிற ஊரிலேயே இந்தப் பாடு.

காற்று இன்னும் மோசம். 1991இல் அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற பெரிய கண்ணாடிக் கட்டடத்துக்குள் எட்டுப் பேர் இரண்டு வருஷம் இருக்கப் போனார்கள். காடு, தோட்டம், குட்டிக் கடல்கூட உள்ளே இருந்தது. பதினாறு மாதத்தில் ஒட்சிசன் 20.9 வீதத்திலிருந்து 14.5 வீதத்துக்கு இறங்கிவிட்டது. பசளை கூடின மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் ஒட்சிசனைக் குடித்துக் காபனீரொட்சைட்டை விட்டன. அதைச் செடிகள் எடுத்துத் திருப்பித் தந்திருக்க வேண்டும், ஆனால் கட்டடத்தின் கொங்கிறீற்று இடையில் உறிஞ்சிக் கல்சியம் காபனேற்றாக்கிவிட்டது. சுவர் மூச்சை விழுங்கும் என்று யார் நினைத்தார்கள்! கடைசியில் வெளியிலிருந்து ஒட்சிசன் ஏற்றினார்கள். செவ்வாயில் 'வெளி' என்று ஒன்று இல்லையே.

மொக்சி என்ற கருவி 2021 முதல் 2023 வரை செவ்வாயிலுள்ள காற்றிலிருந்து 122 கிராம் ஒட்சிசன் செய்து காட்டியது. உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் ஓர் ஆளுக்கு மூன்றரை மணித்தியாலத்துக்குத்தான் காணும்.

கதிர்வீச்சு, எலும்புத் தேய்வு பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். பிள்ளைப்பேறு பற்றித்தான் ஒருத்தரும் கதைப்பதில்லை. விண்வெளியில் ஒரு எலிகூடக் கருத்தரித்துக் குட்டி போட்டதில்லை. ஈர்ப்பு பூமியின் 38 வீதமான இடத்தில் எந்த நம்பிக்கையில் நகரம்?

அன்டார்ட்டிக்காவில் போல நாலைந்து விஞ்ஞானிகள் போய், ஆராய்ந்து, திரும்பி வரட்டும், நான் முழு ஆதரவு. குடியேற்றம் என்றால் முதலில் பூமியிலேயே செய்து காட்டட்டும்: எட்டுப் பேர், பூட்டின கதவு, பத்து வருஷம், வெளியிலிருந்து ஒரு சிலிண்டர்கூடப் போகக்கூடாது.