ஆறு நாள் ஓய்வு, மூன்று நாள் ஓய்வு

அக்டோபர் 8, 11, 14. மூன்று தேதி, குழுவுக்கு மூன்று அணி, மூன்று ஆட்டம். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு, அதான் ஏஎஃப்சி, யாருக்காக ஓடுகிறது என்று யாராவது கேட்டால் நான் பெரிய விளக்கமெல்லாம் சொல்ல மாட்டேன். 2025-இல் போட்ட இந்த அட்டவணையை எடுத்து நீட்டிவிடுவேன்.

2026 உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச் சுற்றில் அப்போது இரண்டு நேரடி இடங்கள்தான் மிச்சம். போட்டியில் ஆறு அணிகள். கத்தார், அமீரகம், ஓமன் ஒரு குழு; சவூதி, ஈராக், இந்தோனேசியா இன்னொன்று. முதல் குழுவின் ஆட்டம் எல்லாம் கத்தாரின் தோஹாவில், அடுத்த குழுவின் ஆட்டம் எல்லாம் சவூதியின் ஜெத்தாவில். சரி, எங்காவது ஓர் ஊரில் நடத்தித்தானே ஆக வேண்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் தேதிகளைப் பாருங்கள். கத்தாரும் சவூதியும் 8-ஆம் தேதி ஆடின, அப்புறம் 14-ஆம் தேதி ஆடின. நடுவில் ஆறு நாள். மற்ற நான்கு அணிகளுக்கும் முதல் ஆட்டம் முடிந்த மூன்றாம் நாளே அடுத்த ஆட்டம். இரண்டு குழுவிலும் கடைசி ஆட்டம் உள்ளூர் அணிக்கு. டிரா போதுமா, ஜெயித்தே ஆக வேண்டுமா என்பது தெரிந்துவிட்ட பிறகு, ஆறு நாள் ஓய்வெடுத்த கால்களோடு, சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் இறங்கலாம். எதிரணிக்கும் கணக்கு தெரியும்தான், ஆனால் அவர்கள் கால் மூன்று நாளுக்கு முன்புதான் தொண்ணூறு நிமிடம் ஓடியிருக்கும்.

இந்தோனேசியா சவூதியிடம் 3-2 தோற்றது, மூன்று நாள் கழித்து ஈராக்கிடம் 1-0 தோற்றது, மூட்டையைக் கட்டியது. பயிற்சியாளர் பாட்ரிக் க்ளைவர்ட்டின் வேலையும் சில நாளில் போனது. 14-ஆம் தேதி சவூதிக்கு டிரா போதும். கோல் வித்தியாசம் சமம், அடித்த கோல்கள் சவூதிக்கு அதிகம். 0-0. கடைசி நிமிடங்களில் ஈராக் அடித்த ஒரு ஃப்ரீ கிக்கை சவூதி கோல்கீப்பர் நவாஃப் அல் அகிதி பாய்ந்து தட்டிவிட்டார், அதோடு கதை முடிந்தது. தோஹாவில் கத்தார் 2-1 என்று அமீரகத்தை வென்றது. ஆக, போட்டியை நடத்திய இரண்டு நாடுகளும் உலகக் கோப்பைக்குப் போயின.

கத்தார் மோசமான அணி என்று நான் சொல்லவில்லை. கடைசி இரண்டு ஆசியக் கோப்பையும் அவர்கள் கையில்தான். அந்த ஃப்ரீ கிக் இரண்டு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன் என்று நீங்கள் சொன்னால் அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு நல்ல அணிகளுக்கு அந்த மூன்று நாள் தள்ளுபடி எதற்கு?

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் ஏன் என்றால், இந்த இடங்கள் சும்மா வந்ததில்லை. 1954-இல் மணிலாவில் ஆரம்பித்த அமைப்பு இது, இந்தியாவும் அதை நிறுவிய நாடுகளில் ஒன்று. 2002 உலகக் கோப்பை ஆசியாவிலேயே நடக்கப் போகிறது, ஆனால் நடத்தும் ஜப்பானையும் தென்கொரியாவையும் கழித்தால் மீதி ஆசியா முழுக்கவும் இரண்டே இடம் என்றது ஃபிஃபா. 1999-இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஃபிஃபா மாநாட்டிலிருந்து ஆசியப் பிரதிநிதிகள் எழுந்து வெளியே போனார்கள், உலகக் கோப்பையையே புறக்கணிப்போம் என்றார்கள். அப்போது ஏஎஃப்சியின் பொதுச் செயலாளர் பீட்டர் வேலப்பன் என்ற மலேசிய இந்தியர். 1978 முதல் 2007 வரை அந்த நாற்காலியில் இருந்தவர். (ஏஎஃப்சியின் தலைமையகம் கோலாலம்பூரில், புக்கிட் ஜலிலில் இருக்கிறது. நம் ஆட்கள் பால் வெட்டிய ரப்பர் தோட்டம் இருந்த பகுதி அது. இப்போது போனால் விளையாட்டரங்கமும் அடுக்குமாடியும்தான்.) அத்தனை சண்டைக்கும் கிடைத்தது அரை இடம், ஐரோப்பிய அணி ஒன்றோடு மோதி ஜெயித்தால்தான் உண்டு. ஈரான் 2001 நவம்பரில் அயர்லாந்திடம் மோதித் தோற்று அதையும் இழந்தது.

அரை இடத்துக்கு மாநாட்டை விட்டு வெளிநடப்பு செய்த அமைப்புக்கு இன்று எட்டு நேரடி இடங்கள். அதில் கடைசி இரண்டைப் பங்கு வைத்த லட்சணம் மேலே சொன்னது.

கிளப் போட்டியும் இதே பாதையில்தான் போகிறது. முன்பெல்லாம் ஆசிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி இரண்டு ஊரில் நடக்கும். 2024-இல் கூட முதல் ஆட்டம் யோகோஹாமாவில், இரண்டாவது அல் ஐனில். அடுத்த பருவத்தில் காலிறுதியிலிருந்து எல்லாவற்றையும் ஜெத்தாவில் கொண்டுபோய் வைத்தார்கள். தென்கொரியாவின் குவாங்ஜு அங்கே போய் சவூதி கிளப்பான அல் ஹிலாலிடம் ஏழு கோல் வாங்கிக்கொண்டு திரும்பியது. ஜப்பானின் கவாசாகி ஃப்ரோன்டாலே மட்டும் ரொனால்டோ இருந்த அல் நாசரை அரையிறுதியில் 3-2 என்று கவிழ்த்தது, அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் வீட்டில் திட்டு வாங்கினேன். இறுதியில் அல் அஹ்லியிடம் 0-2. அல் அஹ்லிக்கு அது சொந்த மைதானம்.

பணம் போடுகிறவன் ஊரில்தான் கல்யாணம் என்பார்கள். சரிதான். ஆனால் குவாங்ஜுக்காரன் தன் ஊரில் ஒரு காலிறுதி பார்த்தால்தானே அவன் பிள்ளை அடுத்த நாள் பந்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடுவான்.

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாவம்: இதே ஏஎஃப்சி சத்தமில்லாமல் செய்கிற வேலை நன்றாகவே இருக்கிறது. 17 வயதுக்குட்பட்டவர்கள், 20, 23 என்று படிப்படியாக ஆசியக் கோப்பைகள் வைத்திருக்கிறார்கள், யாரும் டிவியில் பார்ப்பதில்லை. உஸ்பெகிஸ்தான் அந்தப் படிகளில் ஒன்றையும் தாண்டிக் குதிக்காமல் ஏறி வந்தது. 2023-இல் 20 வயதுக் கோப்பை, 2022-லும் 2024-லும் 23 வயது இறுதிப் போட்டி, 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக், 2025 ஜூனில் முதல் முறையாக உலகக் கோப்பைத் தகுதி. அதே ஆண்டு ஏப்ரலில் அவர்களின் 17 வயதுப் பையன்கள், இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போன பிறகும், ஒன்பது பேராக நின்று சவூதியை சவூதியிலேயே 2-0 வென்றார்கள். ஆறு நாள் ஓய்வும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

ஏஎஃப்சியின் பயிற்சியாளர் லைசென்ஸும் அப்படித்தான். வியாசர்பாடியில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அண்ணன் ஒருவர் சி லைசென்ஸ் முடித்தவர். முன்பு அவர் பயிற்சி என்றால் பத்து ரவுண்டு ஓடு, அப்புறம் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடு, அவ்வளவுதான். இப்போது ஒரு கட்டம் போட்ட நோட்டு வைத்திருக்கிறார். மைதானம் வரைந்து, பச்சை மையில் பையன்கள் ஓட வேண்டிய அம்பு, சிவப்பில் பந்து போகும் அம்பு, ஓரத்தில் நிமிடக் கணக்கு. "என்னண்ணே, கணக்கு வாத்தியார் மாதிரி ஆயிட்டீங்க" என்றேன். "ஒவ்வொரு பையன் காலும் எத்தனை தடவை பந்தைத் தொடுதுன்னு எண்ணச் சொன்னாங்க தம்பி. எண்ணிப் பார்த்தா, நாலு பசங்க பந்தையே தொடல" என்றார்.

நம் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் வந்த இந்தியா, 2027 கோப்பைக்கு ஹாங்காங்கிடமும் சிங்கப்பூரிடமும் தோற்று வெளியே. அதை நடத்தக் கேட்டிருந்ததையும் 2022-இல் நாமே வாபஸ் வாங்கிக்கொண்டோம், போட்டி சவூதிக்குப் போனது. இதற்கு ஏஎஃப்சியைத் திட்டினால் அது நியாயமில்லை. பெண்கள் பரவாயில்லை, 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். சங்கீதா பாஸ்போர் இரண்டு கோல்.

அட்டவணைக்கே திரும்ப வருகிறேன். ஊர் ஊராக ஆட நாள் எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். அக்டோபரில் தத்தம் குழுவில் இரண்டாம் இடத்தில் நின்றுவிட்ட ஈராக்கும் அமீரகமும் நவம்பரில் மோதின, ஜெயிக்கிறவருக்கு இன்னொரு வாய்ப்பு. 13-ஆம் தேதி அபுதாபியில் ஒன்று, 18-ஆம் தேதி பஸ்ராவில் ஒன்று. இரண்டு அணிக்கும் அதே ஐந்து நாள். முதல் ஆட்டம் 1-1, இரண்டாவதும் தொண்ணூறு நிமிடம் தாண்டி 1-1. கூடுதல் நேரத்துக்குப் போகப்போகிறது என்று எல்லோரும் நினைத்த வேளையில், காய நேரத்தின் 17-ஆவது நிமிடத்தில் ஈராக்குக்குப் பெனால்டி. அமீர் அல் அம்மாரி பந்தை வைத்தார், அடித்தார், பஸ்ரா மைதானம் வெடித்தது. அதே ஏஎஃப்சிதான், அதே தகுதிச் சுற்றுதான், ஒரு மாதம்தான் இடைவெளி.