ஆர்.சி.யில் என் பேர் இருக்கணும்

ஆபீஸில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான். "அண்ணா, ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line, டர்போ எஞ்சின் மாடல்) எடுக்கலாம்னு இருக்கேன். கம்பெனி லீஸ்ல போனா வரி மிச்சம்னு எச்.ஆர். சொல்றாங்க. நீங்க ஏன் லோன் போட்டு வாங்குனீங்க?" டீ குடித்து முடிக்கும் நேரத்துக்குள் சொல்ல முடிகிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கிற வேறு யாருக்காவது உதவும்.

கம்பெனி லீஸ் என்றால், லீஸ் நிறுவனத்திடமிருந்து ஆபீஸ் வாடகைக்கு எடுத்துத் தரும் வண்டியை நாம் ஓட்டுவோம், வாடகை நம் சம்பளத்தில் கழியும். லீஸ் முடியும்வரை வண்டி நம் பேரில் இருக்காது. முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். காகிதத்தில் கணக்குப் போட்டால் லீஸ்தான் ஜெயிக்கும்.

2024ல் நான் வாங்கியது அதே ஐ20 என் லைனில் என்6 (N6) மேனுவல். எக்ஸ்-ஷோரூம், அதாவது சாலை வரியும் இன்ஷூரன்ஸும் சேர்க்காத விலை, 9.99 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரையிலான புதுக் காருக்கு ஆயுள் சாலை வரி 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. மேல் வேரியன்ட் என்8 மேனுவல் பதினொன்றேகால் லட்சத்தை ஒட்டி இருந்தது. அதற்குச் சாலை வரி மட்டும் 2 லட்சம், என்6-க்கு 1.30 லட்சம். ரெண்டிலும் எஞ்சின் ஒன்றுதான், கியர்பாக்ஸும் ஒன்றுதான். அரசாங்கம் போட்ட அந்தப் பத்து லட்சம் கோட்டுக்கு ஐநூறு ரூபாய் கீழே நிற்கிற வண்டியை விட்டுவிட்டு மேலே போக எனக்கு மனசு வரவில்லை. இன்ஷூரன்ஸ் சேர்த்து ஆன்-ரோடு சுமார் 11.75 லட்சம் வந்தது. 8 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, ஐந்து வருஷம், மாசம் 16,600 சொச்சம் இ.எம்.ஐ. வட்டியாக மட்டும் 2 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அதே வண்டிக்கு ஆபீஸ் மூலமாக வந்த லீஸ் கொட்டேஷன் நான்கு வருஷத்துக்கு மாசம் 30,500. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், ஜி.எஸ்.டி. எல்லாம் அதற்குள். கடைசியில் 2 லட்சம் கட்டினால் வண்டி நம் பேருக்கு மாறும். இந்த 30,500 சம்பளத்தில் வரிக்கு முன்னாடியே கழிந்துவிடும். பதிலுக்கு, கம்பெனி கொடுத்த காரைச் சொந்த வேலைக்கும் பயன்படுத்துகிறோம் என்று 1,600 சி.சி. வரையிலான எஞ்சினுக்கு மாசம் 1,800 ரூபாயை மட்டும் நம் வருமானத்தில் சேர்த்து வரி போடுவார்கள். அதற்கு மேற்பட்ட எஞ்சின் என்றால் 2,400. நான் கணக்குப் போட்டபோது விதி இதுதான். 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவனுக்கு, செஸ்ஸும் சேர்த்து, மாசம் சுமார் 8,950 ரூபாய் வரி மிச்சம். பெட்ரோல் பில்லையும் இதே வழியில் கொடுத்தால் இன்னும் ரெண்டாயிரம். நான்கு வருஷத்தையும் கூட்டிப் பார்த்தால் லோனை விட லீஸ் மூன்று லட்சத்துக்கு மேல் மலிவு. இதை மறைத்துவிட்டு "சொந்தமா வாங்குறதுதான் லாபம்" என்று சொன்னால் அது பொய்.

அப்புறம் ஏன் வாங்கினேன்?

2020 கடைசியில் நான் ஒரு ஃபோக்ஸ்வேகன் போலோ டி.எஸ்.ஐ. லீஸில் எடுத்திருந்தேன். 999 சி.சி., மூன்று சிலிண்டர், டர்போ, 110 பி.எஸ். (குதிரைத்திறன்), ஆறு கியர் மேனுவல். அந்த வண்டியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பதிவு எங்கேயோ போய்விடும், ஆனாலும் கொல்லிமலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. எழுபது கொண்டை ஊசி வளைவு. ரெண்டாவது கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது டர்போ பிடிக்கும் அந்த ஒரு நொடி. ஸ்டியரிங்கில் சாலை கையில் தெரியும். பெரிய எஞ்சின் வண்டியில் வேகம் சும்மா கிடைக்கும். இதில் நாமும் சேர்ந்து உழைக்கணும். சரியான கியரில் இருக்கணும், டர்போ சுழல்கிற எஞ்சின் வேகத்தை விடாமல் பிடிக்கணும். சின்ன எஞ்சினை நான் விரும்புவதே அதற்காகத்தான். சேலம் பக்கம் உறவுக்காரர் வீட்டு விசேஷம் என்றால் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவேன், திரும்பும்போது ஏற்காட்டையும் ஒரு சுற்று.

இருபதாவது மாசம் வேலை மாறினேன். நல்ல வாய்ப்பு, விட முடியாது. பழைய ஆபீஸில் லீஸை முடிக்கச் சொன்னார்கள். புது ஆபீஸுக்கு வேறு லீஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம், பழையதை எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வாரத்துக்குள் சுமார் ஆறரை லட்சம் மொத்தமாகக் கட்டி வண்டியை வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் வண்டியைக் கொடுத்துவிட்டு, பாதியில் முறித்ததற்கான தொகையைக் கட்டலாம். தங்கச்சி கல்யாணம் முடிந்து நான்கு மாசம்தான் ஆகியிருந்தது. கையில் எதுவும் இல்லை. 90,000 ரூபாய் கட்டி, சாவியையும் கொடுத்துவிட்டு, ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். இருபது மாசம் மிச்சம் பிடித்த வரியில் பாதிக்கு மேல் அன்றைக்கு ஒரே நாளில் போனது.

அது 2022 ஜூன். ஏப்ரலிலேயே லெஜண்ட் எடிஷன் என்று ஒன்றைக் கொண்டுவந்து, 12 வருஷம் இந்தியாவில் ஓடிய போலோவுக்கு விடை கொடுத்துவிட்டார்கள். ஷோரூமில் புதுசு இல்லை. பழைய வண்டிச் சந்தையில் டி.எஸ்.ஐ. மேனுவலுக்குக் கேட்ட விலை, நான் எடுத்தபோது இருந்த புது விலைக்குப் பக்கத்தில் இருந்தது. பணம் போனதை விட அதுதான் எனக்கு வலித்தது.

இந்த மாதிரி சின்ன டர்போ வண்டிகள் நம் ஊரில் நிலைப்பதில்லை, அதையும் யோசிக்கணும். மாருதி 2017ல் பலேனோ ஆர்.எஸ். கொண்டுவந்தது, ஒரு லிட்டர் பூஸ்டர்ஜெட் டர்போ எஞ்சின், 102 பி.எஸ். மூன்று வருஷத்தில் நின்றுபோனது. போலோ போனது. டாடா 2024 ஜூனில் அல்ட்ராஸ் ரேசர் கொண்டுவந்தபோது, 120 பி.எஸ்., மேனுவல் மட்டும் என்றதும் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கு இருப்பது நாளைக்கு இருக்கும் என்று நம்பி லீஸில் எடுத்து, முடிந்ததும் வேறு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது எஸ்.யு.வி. வாங்குகிறவருக்குச் சரி. அவருக்கு அடுத்த வருஷம் நாலு புது மாடல் வரும். நமக்கு வராது.

இந்த 1,600 சி.சி. விதியைப் பற்றி ஒரு வார்த்தை. சின்ன வண்டிக்காரனுக்குச் சலுகை என்று தோன்றும். ஆனால் இருபது லட்சம் ரூபாய் கிரெட்டா டர்போவின் எஞ்சினும் 1,482 சி.சி.தான். நான் கணக்குப் போட்டபோது அதற்கும் அதே 1,800 ரூபாய்தான். லீஸ் தொகை ரெண்டு மடங்கு, அதனால் வரி மிச்சமும் ரெண்டு மடங்குக்கு மேல். சின்ன எஞ்சின், சின்ன விலை, சின்ன வண்டி எடுப்பவனுக்குத்தான் இதில் கிடைப்பது குறைவு. இது நியாயமில்லை என்று நினைக்கிறேன். வரி போடுவதாக இருந்தால் விலையைப் பார்த்துப் போடணும்.

கணக்கில் வராத சில்லறைகளும் இருக்கின்றன. லீஸில் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பேரில் இருக்கும். கிளெய்ம் போடாமல் பத்திரமாக ஓட்டினாலும் நோ கிளெய்ம் போனஸ் நம் கணக்கில் ஏறாது. சொந்த வண்டியில் ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லையென்றால் ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான) பிரீமியத்தில் 50 சதவீதம் குறையும், அது அடுத்த வண்டிக்கும் நம்மோடு வரும். சம்பள ஸ்லிப்பில் கைக்கு வரும் தொகை குறைந்து தெரிவதால் வீட்டு லோனுக்குப் போனால் பேங்கில் கேள்வி கேட்பார்கள். டயரை மாற்றவோ எக்ஸாஸ்டைத் தொடவோ ஒவ்வொன்றுக்கும் அனுமதி வாங்கணும்.

தம்பி, இதிலிருந்து நான் சொல்வது இவ்வளவுதான். லீஸ் கணக்கு முழுக்க ஒரே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: நான்கு வருஷம் நீ இதே ஆபீஸில் இருப்பாய் என்பது. எங்கள் தொழிலில் நான் எந்த இடத்திலும் மூன்று வருஷத்தைத் தாண்டியதில்லை. உனக்கும் இது மூன்றாவது கம்பெனி. ஆபீஸ் போய்வர ஒரு வண்டி, மூன்று வருஷத்தில் மாற்றிவிடுவேன், வேலையும் உறுதி என்றால் யோசிக்காமல் லீஸ் எடு, மூன்று லட்சம் சின்னத் தொகை இல்லை. நீ கேட்பது அந்த வண்டியை இல்லை. இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு ரேஸ் பார்க்கப் போய்விட்டு, பக்கத்திலேயே இருக்கிற ஹூண்டாய் ஃபேக்டரியைத் தாண்டும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறவன் நீ. அந்த மூன்று லட்சத்தை நான் வண்டி என்னிடமே இருப்பதற்குக் கொடுத்த விலையாகத்தான் வைத்திருக்கிறேன். ரெண்டாவது தடவை சாவியைக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் வர என்னால் முடியாது.

2025 செப்டம்பர் 22லிருந்து நான்கு மீட்டருக்குள், 1,200 சி.சி.க்குள் இருக்கிற பெட்ரோல் வண்டிக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 29 சதவீதமாக இருந்த வரி 18 ஆகிவிட்டது. என் லைன் 3,995 மில்லிமீட்டர், 998 சி.சி. இப்போது வாங்கினால் எனக்குக் கிடைத்ததை விடக் குறைந்த விலைக்கே கிடைக்கும். முன்பணத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி, லோனை நான்கு வருஷத்துக்குள் முடிக்கப் பார். ஏழு கியர் டி.சி.டி. (ஆட்டோமேட்டிக்) மாடலை விட்டுவிடு, மேனுவல் எடு. டி.சி.டி.யில் இருப்பது டிரை கிளட்ச், அதாவது எண்ணெயில் நனையாத, ஊர்ந்து போனால் சீக்கிரம் சூடாகிற கிளட்ச். நம் ஓ.எம்.ஆர். நெரிசலில் தினமும் ஊர்ந்துகொண்டே வாரண்டி முடிந்த பிறகும் வைத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

சனிக்கிழமை டெஸ்ட் டிரைவ் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. பின் சீட்டில் உட்கார வை. சஸ்பென்ஷன் சாதா ஐ20-ஐ விட விறைப்பு, வேளச்சேரி உள்ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் தெரியும். பத்து வருஷம் வைத்திருக்கப் போகிற வண்டி, அவங்க முதுகுக்கும் ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துக்கொள்.