மூலையில் நாஸ்ட் பெயர் இருந்தால் அது அவர் கைப்படப் போட்டதா?
பழைய அமெரிக்க வார இதழான ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’யின் கார்ட்டூன் மூலையில் அதன் ஓவியர் தாமஸ் நாஸ்ட் பெயர் தெரிந்தால், அது அவரே கையொப்பமிட்ட அரிய பிரதி என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. 1870களில் அவர் அச்சுக்கான மரக்கட்டையில் இடவலம் மாற்றி வரைவார், தன் பெயரையும் சேர்த்தே. செதுக்குநர்கள் அதை அப்படியே செதுக்கினார்கள். அந்த வாரம் அச்சான எல்லாப் பிரதியிலும் அதே கையெழுத்துதான். ‘பக்’ என்ற அமெரிக்க நகைச்சுவை இதழில் கார்ட்டூனிஸ்ட் ஜோசப் கெப்ளர் பெயரும் இந்தக் கதைதான், அங்கே கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து அச்சிடும் முறை.

பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். அச்சான பெயரின் கறுப்பும் படக்கோட்டின் கறுப்பும் ஒன்றாகவே இருக்கும். பேனா மை காகித இழையில் லேசாகக் கசிந்திருக்கும், பெரும்பாலும் பழுப்பேறியிருக்கும், அச்சுக்கோட்டின் மேலேறி ஓடும். பின்பக்கம் செய்திப் பத்திகள் இருப்பது இதழிலிருந்து பிரித்த தாள் என்பதற்கு நல்ல அடையாளம். கையொப்பத்துக்குச் சாட்சி அல்ல. வண்ணப் புள்ளிகள் குட்டி ரோஜாக்களாய்க் கூடி நின்றால் அது பிற்கால ஆஃப்செட் மறுபதிப்பு. சுவரில் மாட்டலாம், விலை கொடுக்காதீர்கள்.