ஃபோம் பலகை மேல் பாலிதீன்: பரவும் யோசனை தவறு

“சுவரின் உட்புறம் ஃபோம் பலகை ஒட்டிப் பாலிதீன் தாளால் மூடுங்கள். ஏசி செலவு குறையும், ஈரமும் அண்டாது” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. ஃபோம் எதையும் குளிர்விக்காது. வெப்பம் நுழைவதைத் தாமதப்படுத்தும். வெயில் காயும் கூரைக்கு அது நல்ல பொருள்தான்.

சிக்கல் பாலிதீனில் இருக்கிறது. குளிர் நாடுகளில் ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே செல்லும். அதனால் அங்கே ஈரத்தடுப்பைச் சுவரின் உட்புறம் வைப்பார்கள். வெப்பமும் புழுக்கமும் மிகுந்த இடங்களில் ஈரம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. வெளிக்காற்று 32 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 75 சதவீதம் என்று கொள்ளுங்கள். அந்தக் காற்று 27 டிகிரிக்குக் குறைவான பரப்பைத் தொட்டால் நீராகப் படியும். ஏசி அறையின் பாலிதீன் 24 டிகிரியில் இருக்கும். அதன் முதுகுப்பக்கம் நனைந்து பூஞ்சை பிடிப்பது நாற்றம் வரும்வரை யாருக்கும் தெரியாது. இத்தகைய புழுக்கமான இடங்களில் ஈரத்தடுப்பு சுவரின் வெளிப்புறம் இருக்க வேண்டும்.

தீயைப் பற்றிச் செய்தி வாயே திறக்கவில்லை. தெர்மாகோல் போன்ற பாலிஸ்டைரீன் ஃபோம் கரும்புகையுடன் எரியும். உட்புற ஃபோமை அரை அங்குல ஜிப்சம் பலகை போன்ற தடுப்பால் மூட வேண்டும் என்பது ஐஆர்சி எனப்படும் சர்வதேசக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பின் பொது விதி. அதன் 2021 பதிப்பின் ஆர்316 பிரிவில் அதையும், ஆர்702.7 பிரிவில் நீராவித் தடுப்பு பற்றியும் சரிபார்க்கலாம்.

இந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தை அனுப்புங்கள்.