ஊட்டியில் பார்த்த வாள் 1799-ஐச் சேர்ந்தது அல்ல
ஊட்டி பழம்பொருள் கடையில் எடுத்த படத்தைப் போட்டு, "1799-ல் திப்புவோடு போரிட்ட குதிரைப்படை அதிகாரியின் வாள், நடுவில் இருக்கும் பள்ளம் ரத்தம் வழிய" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. அன்றைய பிரிட்டிஷ் இலகு குதிரைப்படையிடம் இருந்தது "1796 மாதிரி", அதாவது அந்த ஆண்டில் படைக்கு நிர்ணயித்த வாள் வடிவம்: வளைந்தது, நுனிப்பக்கம் அகன்றது, வீசி வெட்டுவதற்கானது, விரல்களுக்குக் காப்பு ஒற்றை வளைவு மட்டும். படத்தில் உள்ளதோ நேரான, ஒல்லியான, குத்துவதற்கான வாள். கையை முழுதாக மூடும் எஃகுக் கிண்ணமும் இருக்கிறது. அது 1912 மாதிரி, திப்பு இறந்து நூறு வருஷத்துக்கும் பிந்தியது. பள்ளம் எடை குறைக்க, விறைப்பு கெடாமல். அப்புறம், கடைக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள்: ஊட்டி ஈரத்தில் துரு பிடிக்கிறதே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். அலகில் பொறித்த அரச முத்திரை அழிந்துவிடும், எந்த அரசர் காலத்து வாள் என்று சொல்வது அதுதான். மெல்லிசாக எண்ணெய் தடவினால் போதும்.