மூன்று ஆண்டு போதுமா?
'மூன்று ஆண்டு கள ஆய்வு செய்தால் ஒரு காட்டின் போக்கு பிடிபட்டுவிடும்' என்று இந்தக் கட்டுரை சொல்கிற இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஹப்பர்ட் புரூக் காட்டில் 1963 முதல் மழைநீரையும் ஓடைநீரையும் வாராவாரம் பிடித்து அளக்கிறார்கள். மழையில் அமிலம் இருப்பது சீக்கிரமே தெரிந்தது, சரி. ஆனால் அது மண்ணிலிருந்த கால்சியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போனது முழுதாக உறைக்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1999-ல் ஹெலிகாப்டரிலிருந்து கால்சியக் கனிமத்தைத் தூவிப் பார்த்தார்கள், மேப்பிள் மரங்கள் தேறின. மூன்று வருட நோட்டை வைத்துக்கொண்டு இதை யார் கண்டுபிடித்திருப்பார்? கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் மேலே, 'எங்கள் ஊர் நான் சின்ன வயதில் பார்த்தபடியேதான் இருக்கிறது' என்று எழுதியிருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் கண்மாய்க்குள் சீமைக் கருவேலம்தான். அங்கே கோரை அறுத்துப் பாய் முடையக் கொடுத்ததாக அப்பா சொல்வார்; கதை விடுகிறார் என்று சிரிப்போம். போன கோடையில் பொக்லைன் வைத்து முள்மரத்தைத் தூரோடு பிடுங்கினார்கள். வேரில் ஒட்டியிருந்த மண்ணை உதிர்த்தால் கைநிறைய சிப்பி ஓடு.